தடைக்காலம் முடியட்டும், முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 21 வயது. அப்பா விசைப்படகில் தொழில் செய்கிறார். ஊர் என்னை ஆண் என்று நினைத்தாலும், நான் பெண் என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். பெற்றோரிடம் சொன்னால் மந்திரிக்கவோ, ‘குணப்படுத்த’ மருத்துவரிடமோ அழைத்துப் போவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காசிமேடு

பதில்: அப்பா கடலுக்குப் போயிருக்கும் ஒரு நாளில், அக்காவையும் உடன் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லுங்கள். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வேண்டாம். வருமானம் நின்று, கடனும் ஏறி, அப்பா நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் அந்த 61 நாட்களில் எந்தப் பேச்சும் சண்டையில்தான் முடியும் (படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை). சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், அம்மா முதலில் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். ‘அக்கம்பக்கம் என்ன பேசும், அக்காவைப் பெண் கேட்டு யார் வருவார்கள்’ என்று அழுவார். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாணக் கேள்விக்கு அக்காவே பதில் சொல்லட்டும்.

மருத்துவரைப் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னால் மறுக்காமல், சென்ட்ரல் எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு. பிள்ளை சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும். பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் தெளிவு போதவில்லை என்று கருதி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே தீர்ப்பு எழுதினார் என்பதையும் அம்மாவிடம் சொல்லலாம்.

குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமையை 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு அளித்திருக்கிறது. ஆனால், ‘வெளியே போ’ என்று அப்பா கத்தும் இரவில் சட்டம் வந்து கதவைத் திறக்காது. ஆகவே மதிப்பெண் பட்டியல்கள், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நம்பிக்கையான தோழியிடம் முன்பே கொடுத்துவையுங்கள். அன்றிரவு தங்கும் இடத்தையும் அக்காவோடு பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். உங்கள் பகுதியின் மூத்த திருநங்கைகள் அடைக்கலம் தருவார்கள், அது பெரிய துணைதான். என்றாலும் வீட்டோடு கோபித்துக்கொண்டு படிப்பை விடுவதோ, அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுவதோ கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாலினச் சிறுபான்மையினருக்காகச் சென்னையில் இயங்கும் ‘ஓரினம்’ தன்னார்வக் குழுவினர் பெற்றோரிடமும் பேசுவார்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அப்பாவிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். அவருக்கும் சில வாரங்கள் தேவைப்படும்.