முடக்குவாதம் உள்ளவர்கள் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் வீட்டில் தேற ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

சேலத்தில் முழங்கால் மாற்றிக்கொண்டு ஏற்காடு வீட்டுக்குத் திரும்பும் ஒருவரை வைத்தே சொல்கிறேன்.

முடக்குவாதத்தை ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் இது. வெறும் தேய்மானம் என்றால் பெரும்பாலும் முழங்காலோடு நின்றுவிடும். இதில் விரல், மணிக்கட்டு, தோள் எல்லாம் சேர்ந்து வலிக்கும். சிக்கலே அங்குதான். வாக்கரைப் பிடித்து நடங்கள் என்பார்கள், பிடிக்கக் கை வேண்டுமே! முன்கையை ஊன்றி நடக்கும் வாக்கர் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். மலைக்குளிரில் காலை விறைப்பு அதிகமாகத் தெரியலாம். அது தளர்ந்த பிறகு பயிற்சி செய்தால் போதும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியே இறுகிவிடும்.

அப்புறம் மருந்து. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பதால் காயத்தில் கிருமி சேரும் வாய்ப்பு கூடுதல். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. எதிர்ப்பு சக்தியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் குறிவைத்து அடக்கும் பயாலாஜிக் ஊசிகளைக் காயம் ஆறும்வரை, குறைந்தது 2 வாரம், தள்ளிவைப்பார்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. காயத்தில் கசிவு, காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் எது வந்தாலும், 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே என்று தயங்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

"மூட்டுதான் மாற்றியாச்சே, இனி மாத்திரை எதற்கு?" என்று பலர் நினைக்கிறார்கள், அலைன்மென்ட் கெட்ட லாரிக்கு ஒரு டயரை மட்டும் மாற்றினால் மற்ற டயர்கள் என்ன ஆகும் என்று சங்ககிரி லாரிக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.