போன் பதிவாகவில்லையா? டீபக்கருக்கு முன் பாக்கெட்டைப் பாருங்கள்

கேள்வி: ஓப்பன்5ஜிஎஸ் கோர் (நெட்வொர்க்கின் மைய மென்பொருள்), எஸ்ஆர்எஸ்ரான் பேஸ் ஸ்டேஷன் (போனோடு ரேடியோவில் பேசும் பகுதி) இரண்டையும் வைத்து ஆய்வகத்தில் சிறிய 4ஜி நெட்வொர்க் ஒன்று அமைத்திருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு கணினிகளில் ஓடுகின்றன. நானே எழுதிய ஒரு சிம் நெட்வொர்க்கைக் காண்கிறது, ஆனால் பதிவாவதில்லை. இன்னொரு சிம் பதிவாகிறது, பிங் போகிறது, பெரிய வலைப்பக்கங்கள் மட்டும் பாதியில் நின்றுவிடுகின்றன. எம்எம்இ (போன்களின் பதிவைக் கவனிக்கும் கோர் பகுதி) கோடில் பிழை என்று நினைத்து, ஓட்டத்தை நடுவில் நிறுத்திப் பார்க்க டீபக்கரில் பிரேக்பாயிண்ட் வைத்தேன். இப்போது அந்த இரண்டாவது சிம்மும் பதிவாகவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் பிரேக்பாயிண்டை எடுத்துவிடுங்கள், இரண்டாவது சிம் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மொபைல் நெட்வொர்க்கில் ஏறக்குறைய எல்லா உரையாடலுக்கும் பின்னால் ஒரு டைமர் ஓடுகிறது. இணைப்புக் கோரிக்கையை அனுப்பியதும் போன் டி3410 டைமரைத் தொடங்கும். 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் அந்த முயற்சியைக் கைவிட்டுவிடும். நீங்கள் நாலு வேரியபிளைப் பார்த்து முடிப்பதற்குள் போன் போயிருக்கும். மறுபடி ஓடவிட்டால் எம்எம்இயின் சொந்த டைமர்களும் ஒரேயடியாகக் காலாவதியாகும். இல்லாத பிழையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். டீபக்கர் தேவைப்படுவது புரோகிராம் செத்து விழுந்த பிறகு, கோர் டம்ப்பை (விழுந்த நொடியின் நினைவகப் பதிவு) திறந்து பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) பார்க்கத்தான். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் அதை வைத்து ஆராய்வது வீண்வேலை.

சரி, முதல் சிம்முக்கு வருவோம். பேஸ் ஸ்டேஷனை இயக்குவதற்கு முன்பே, பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப்பைத் தொடங்குங்கள், அப்போதுதான் பேஸ் ஸ்டேஷன் எம்எம்இயோடு முதலில் இணையும் எஸ்1 செட்அப் செய்தியும் பதிவில் இருக்கும். எல்லா இன்டர்ஃபேஸையும் பிடியுங்கள். பேஸ் ஸ்டேஷனும் எம்எம்இயும் பேசுவது எஸ்சிடிபி (டிசிபி போன்ற ஒரு நெறிமுறை) போர்ட் 36412இல். ஆனால் எம்எம்இயும் எச்எஸ்எஸ்ஸும் (சிம்களின் விவரமும் சாவியும் இருக்கும் கோர் பகுதி) ஒரே கணினியில் இருப்பதால் அவற்றின் பேச்சு, கணினி தனக்குள்ளேயே பேசும் லூப்பேக் இன்டர்ஃபேஸில்தான் கேட்கும்.

பதிவை வயர்ஷார்க்கில் திறந்ததும் ஒரு கட்டத்துக்குப் பிறகு என்ஏஎஸ் செய்திகள் (போனும் எம்எம்இயும் பேசிக்கொள்பவை) புரியாத பைட்டுகளாகத் தெரியும். பாதுகாப்பு முறையை இருவரும் ஒப்புக்கொள்ளும் செக்யூரிட்டி மோட் கட்டம் முடிந்ததும் மறையாக்கம் தொடங்கிவிடுவதே காரணம். ஆய்வகம்தானே, எம்எம்இ கான்ஃபிகில் மறையாக்க வரிசையின் முதலிடத்தில் ஈஈஏ0 (மறையாக்கமே இல்லை என்று பொருள்) போடுங்கள். வயர்ஷார்க்கின் என்ஏஎஸ்-ஈபிஎஸ் அமைப்புகளில் ஈஈஏ0 செய்திகளைப் பிரிக்கும் தேர்வையும் இயக்குங்கள். அதை மறந்துவிட்டு, கான்ஃபிக் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. ஆனால் செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் இன்டெக்ரிட்டியையும் அப்படியே அணைத்து ஈஐஏ0 ஆக்கப் போகாதீர்கள். அவசர அழைப்பு தவிர வேறெதற்கும் போன் அதை ஏற்காது.

இனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர் (அடையாளச் சரிபார்ப்பு தவறியது என்று போன் அனுப்பும் செய்தி) இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் வரும் காரண எண்தான் முக்கியம். 20 என்றால் மேக் ஃபெயிலியர், அதாவது நெட்வொர்க் அனுப்பிய சரிபார்ப்புக் குறி (மேக்) சிம் கணக்கிட்டதோடு பொருந்தவில்லை. சிம்மில் இருக்கும் சாவியும் எச்எஸ்எஸ்ஸில் இருக்கும் சாவியும் ஒன்றல்ல. சிம்மை நீங்களே எழுதியதால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்: ஓபி மதிப்பை (ஆபரேட்டருக்குப் பொதுவானது) ஓபிசி (ஓபியிலிருந்து சிம்முக்குச் சிம் கணக்கிடப்படுவது) கட்டத்தில் போட்டிருப்பீர்கள். இரண்டுமே 32 ஹெக்ஸ் இலக்கங்கள், எதைப் போட்டாலும் படிவம் ஏற்றுக்கொள்ளும்.

21 என்றால் கதை வேறு. அது சிங்க் ஃபெயிலியர், சிம்மும் எச்எஸ்எஸ்ஸும் தனித்தனியே எண்ணிவரும் வரிசை எண் மட்டும் ஒத்துப்போகவில்லை. சிம் முதலில் மேக்கைச் சரிபார்த்து, அது பொருந்தினால் மட்டுமே வரிசை எண்ணுக்கு வரும். ஆகவே 21 கண்ணில் பட்டால் சாவிகள் சரி, அவற்றைத் தொட வேண்டாம். போன் கூடவே அனுப்பும் ஆட்ஸ் மதிப்பை (சிம்மின் வரிசை எண் அடங்கியது) வைத்து எச்எஸ்எஸ் வரிசை எண்ணைத் திருத்திக்கொள்ளும், அடுத்த முயற்சி வெற்றி பெற வேண்டும். திரும்பத் திரும்ப 21 வந்தால்தான் திருத்திய எண் டேட்டாபேஸில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

ஆத்தென்டிகேஷனில் சிக்கல் இல்லாமல் அட்டாச் ரிஜெக்ட் (இணைப்புக் கோரிக்கைக்கு நெட்வொர்க்கின் மறுப்பு) வந்தால் அங்கேயும் காரண எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போன் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். 3 அல்லது 7 வந்தால் போனை அணைத்து இயக்கும்வரை அந்த சிம்மில் 4ஜிக்கு மறுபடி முயலாது. 11 வந்தால் உங்கள் நெட்வொர்க் சிம்மின் தடைப்பட்டியலில் ஏறிவிடும், மறுதொடக்கம் செய்தாலும் போகாது. நெட்வொர்க்கைக் கைமுறையாகத் தேர்ந்தெடுத்து வெற்றிகரமாகப் பதிவானால்தான் நீங்கும். பிழையைத் திருத்தியும் பலனில்லை என்று தோன்றுவது பலசமயம் இதனால்தான்.

அப்புறம் பாதியில் நிற்கும் பக்கங்கள். போனின் டேட்டா பேஸ் ஸ்டேஷனுக்கும் கோருக்கும் இடையே ஜிடிபி-யு என்ற நெறிமுறையின் உறைக்குள் போகிறது. உறைக்கு ஐபி 20 பைட், யுடிபி 8, ஜிடிபி 8, மொத்தம் 36. 1500 பைட் பாக்கெட் 1536 ஆகி, 1500 மட்டுமே தாங்கும் ஈதர்நெட்டில் முட்டுகிறது. பாக்கெட்டைத் துண்டாக்கத் தடைபோட்டு, பேலோட் 1372 வைத்து (பிங்கின் தலைப்புகள் 28 சேர்ந்து 1400) போனுக்கு பிங் செய்யுங்கள். அது போய் 1472 போகாவிட்டால் சந்தேகமே இல்லை. எஸ்எம்எஃப் (டேட்டா இணைப்பைக் கவனிக்கும் கோர் பகுதி) கான்ஃபிகில் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) 1400 என்று கொடுங்கள், இணையும்போது போனுக்கு அது தெரிவிக்கப்படும். சில போன்கள் அதைக் கண்டுகொள்ளாது. அவற்றுக்காக ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் கருவி) டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் டிசிபி வைக்கும் டேட்டாவின் உச்ச அளவு) குறைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கோர் புரோசஸ் விழுகிறது, அல்லது பாக்கெட் பதிவில் தவறான செய்தி அதனிடமிருந்தே கிளம்புகிறது என்றால், அப்போது கோடைத் திறக்கலாம். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு மறுபடி பில்ட் செய்யுங்கள். பழைய பதிப்பில் வேலை செய்தது என்றால் இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட், குற்றவாளி கமிட்டைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் போனைக் கையில் எடுக்க வேண்டாம்: எஸ்ஆர்எஸ்ரான் 4ஜியில் ரேடியோவுக்குப் பதிலாக ஜீரோஎம்க்யூ (புரோகிராம்களுக்கிடையே டேட்டா கடத்தும் மென்பொருள்) வழியாக மென்பொருள் போனையே இணைக்கலாம், ஸ்கிரிப்டில் போட்டு ஓட்டலாம்.

பிழையைத் தெரிவிக்கும்போது பதிப்பு, கான்ஃபிக், தொடக்கம் முதலான லாக், அதே நேரத்துப் பாக்கெட் பதிவு நான்கும் சேர்ந்து போக வேண்டும். எம்எம்இயும் எச்எஸ்எஸ்ஸும் பேசும் டயமீட்டர் நெறிமுறைச் செய்திகளில் அமர்வுச் சாவி திறந்தபடியே இருக்கும். சோதனை சிம் என்றால் பரவாயில்லை, யாரோ உண்மையில் பயன்படுத்தும் சிம் என்றால் அந்தப் பதிவைப் பொதுவில் போடாதீர்கள். ஒரே ஒரு கோணலான செய்தி அனுப்பினாலே கோர் விழுகிறது என்று கண்டுபிடித்தால், அது யாரும் தாக்கப் பயன்படுத்தக்கூடிய ஓட்டை. அதைப் பராமரிப்பாளர்களுக்குத் தனியாக எழுதுங்கள்.