எல்லைத் தகராறு எல்லாமே இர்ரிடென்டிசம் ஆகிவிடுமா?

கேள்வி இதுதான்: ஒரு நாடு பக்கத்து நாட்டு நிலத்தைக் காட்டி "அது எங்களுடையது, மீட்டே தீருவோம்" என்றால், செய்திகளில் அதை இர்ரிடென்டிசம் என்கிறார்கள். எல்லைத் தகராறு எல்லாமே இதில் அடங்குமா? ரெவான்சிசம் என்பதும் இதுவும் ஒன்றா?

அடங்காது, ஒன்றும் அல்ல. ஆறு திசை மாறியதால் வரும் சண்டை, வரைபடக் கோடு சரியில்லை என்ற வழக்கு, எண்ணெய்க்காக ஒரு தீவைக் கேட்பது, இவற்றையெல்லாம் எல்லைத் தகராறு என்றாலே போதும். இர்ரிடென்டிசம் என்று சொல்ல, கேட்கிற தரப்பு உறவு கொண்டாட வேண்டும். "எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்கள் இனம், எங்கள் மொழிக்காரர்கள், அவர்கள் எங்களோடு சேர வேண்டியவர்கள்" என்பதுதான் அதன் அடிப்படை. "அது எங்கள் முன்னோர் ஆண்ட மண்" என்ற வாதமும் பெரும்பாலும் கூடவே வரும்.

சொல் பிறந்தது இத்தாலியில். 1861-இல் இத்தாலி ஒரே முடியரசானது, 1866-இல் வெனிஸ் சேர்ந்தது, 1870-இல் ரோம். ஆனால் இத்தாலிய மொழி பேசும் திரெந்தோவும் திரியெஸ்தேயும் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுக்குள்ளேயே கிடந்தன. இவற்றைத்தான் 'இத்தாலியா இர்ரெதெந்தா', அதாவது மீட்கப்படாத இத்தாலி, என்றார்கள். மீட்கக் கிளம்பியவர்கள் அந்தச் சொல்லிலிருந்து வந்த இர்ரிடென்டிஸ்ட் என்ற பெயராலேயே தங்களைப் பெருமையாக அழைத்துக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இத்தாலிய அரசுக்கே இவர்கள் தலைவலி. 1882-இல் அரசு, ஜெர்மனியோடும் அதே ஆஸ்திரியாவோடும் கூட்டணி ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு, ஆஸ்திரியப் பேரரசரைக் கொல்லத் திட்டமிட்டதாக குலியெல்மோ ஒபெர்தான் என்ற திரியெஸ்தே இளைஞர் தூக்கிலிடப்பட்டார். மக்களில் ஒரு பகுதி அவரைத் தியாகியாகக் கொண்டாட, அரசு சங்கடத்தில் நெளிந்தது. ஆகவே இர்ரிடென்டிசம் எப்போதும் அரசின் கொள்கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தெருவில் பிறந்து, அரசுக்குத் தேவைப்படும்போது கொள்கையாகும். 1915-இல் அப்படித்தான் ஆனது. லண்டனில் ரகசிய ஒப்பந்தம் போட்டு, நிலம் கிடைக்கும் என்ற வாக்குறுதியோடு இத்தாலி ஆஸ்திரியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியது.

போர் முடிந்ததும் திரெந்தோ, திரியெஸ்தே இரண்டும் கிடைத்தன. சரி, நின்றதா? பிரென்னர் கணவாய் வரைக்கும் உள்ள தெற்கு திரோலும் சேர்ந்து வந்தது. அங்கே பெரும்பான்மையோர் ஜெர்மன் பேசுகிறவர்கள். "எங்கள் மக்கள்" என்ற வாதம் இங்கே செல்லாது என்பதால், ஆல்ப்ஸ் மலைதான் இயற்கை எல்லை என்று காரணத்தை மாற்றிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள இந்த ஒரு திருப்பம் போதும். மக்களுக்காக என்று தொடங்கும், மக்கள் பொருந்தாத இடத்தில் மண்ணுக்காக என்று மாறும். அப்புறம் தெற்கு திரோலின் ஜெர்மன்காரர்கள் முசோலினி காலத்தில் தங்கள் மொழிப் பள்ளிகளை இழந்தார்கள். நேற்றுவரை மீட்கப்படாதவர்களாக இருந்த தரப்பு, வேறொரு மீட்கப்படாத கூட்டத்தை உண்டாக்கியது.

இப்போது ரெவான்சிசம். இது பழிவாங்கல் சார்ந்தது. 1871-இல் பிரெஞ்சுக்காரர்கள் போரில் தோற்று அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனிக்கு இழந்தார்கள். அல்சாஸில் பெரும்பாலோர் பேசியது ஜெர்மன் கிளைமொழி, ஆகவே மொழியைக் காட்டி பிரான்ஸ் வாதாட முடியாது. பறிபோனதைத் திரும்பப் பெற வேண்டும், தோல்விக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பதே அங்கே உந்துதல். சில இடங்களில் இரண்டும் கலந்துவிடும். 1920-இல் திரியானோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி முடியரசு தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது, முப்பது லட்சம் அளவில் ஹங்கேரியர்கள் வெளியே நின்றுபோனார்கள். அங்கே போய் இது எது, அது எது என்று பிரிப்பது வீண் வேலை.

பிரிவினைவாதத்தோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரிய நினைப்பது உள்ளே இருப்பவர்கள், சேர்த்துக்கொள்ள நினைப்பது வெளியே இருக்கும் நாடு. சோமாலியாவில் இரண்டும் கைகோர்த்தன. அந்நாட்டுக் கொடியின் ஐந்து முனை நட்சத்திரம், சோமாலிகள் வாழும் ஐந்து நிலங்களைக் குறிப்பது. அவற்றில் ஒன்று எத்தியோப்பியாவின் ஒகாதென். அங்கே ஏற்கெனவே கிளர்ச்சிக்காரர்கள் இருந்தார்கள். 1977-இல் சோமாலியப் படையும் நுழைந்தது. சோவியத் ஒன்றியமும் கியூபாவும் எத்தியோப்பியா பக்கம் நிற்க, 1978-இல் பின்வாங்க வேண்டியதாயிற்று. இப்படி ஏதாவது வரும் என்று பயந்துதான் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964-லேயே, விடுதலையின்போது இருந்த எல்லைகளை அப்படியே மதிப்போம் என்று கெய்ரோவில் தீர்மானம் போட்டிருந்தது. சோமாலியா அதை ஏற்கவில்லை.

இன்று எந்த அரசும் தன்னை இர்ரிடென்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளாது. பெருமையாகச் சூடிய பெயர், எதிராளி மேல் எறியும் வசவாகிவிட்டது. 2014-இல் உக்ரைனின் கிரிமியாவை இணைத்தபோது ரஷ்யா பேசியது வரலாற்று நீதி, ரஷ்யர்களின் பாதுகாப்பு. இர்ரிடென்டிசம் என்றது விமர்சகர்கள்.

அதனால் எழுதும்போது கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. மால்வினாஸ் எனப்படும் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா கேட்பதையும் பலர் இந்தப் பெட்டியில் போடுகிறார்கள். 2013 வாக்கெடுப்பில் அந்தத் தீவுக்காரர்களில் பிரிட்டனோடு இருப்பதற்கு எதிராக வாக்களித்தவர்கள் வெறும் மூன்று பேர். கேட்பது நிலத்தைத்தான், உறவினரை அல்ல. அங்கே நான் 'நில உரிமைகோரல்' என்றுதான் எழுதுவேன். அயர்லாந்து 1937 அரசியலமைப்பில், பிரிட்டனிடம் இருக்கும் வட அயர்லாந்தையும் சேர்த்து, தீவு முழுவதும் தன் தேசிய நிலம் என்று எழுதி வைத்திருந்ததே, அதற்கு இர்ரிடென்டிசம் என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். 1998 பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தத்தையொட்டி மக்களே வாக்களித்து அந்த வரிகளை மாற்றினார்கள். ஒன்றுசேர்வதானால் இரு பகுதிப் பெரும்பான்மையினரின் சம்மதத்தோடுதான் என்று இப்போது அங்கே இருக்கிறது.