குழாய்த் தண்ணீர் ஏன் விட்டுவிட்டுக் கலங்குகிறது?

காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டுக் குழாயைச் சற்றே திறந்தால் தண்ணீர் கண்ணாடிபோல் இறங்குகிறது, கூட்டினால் விட்டுவிட்டுக் கலங்குகிறது (அழுக்கால் அல்ல, ஓட்டமே ஒழுங்கு குலைகிறது), ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 1883-இல் பொறியியலாளர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டு ஆராய்ந்ததும் இதைத்தான். அடர்த்தி, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் (திரவத்தின் பிசுபிசுப்பால்) வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். அது கூடக்கூட ஓட்டம் கலங்கும்.

கலக்கம் குழாய் முழுவதும் ஒரேயடியாகப் பரவுவதில்லை. திட்டுத் திட்டாகத் தோன்றி ஓட்டத்தோடு நகர்கிறது, அதனால்தான் விட்டுவிட்டு. ஒரு திட்டு திடீரென அடங்கலாம், இரண்டாகவும் பிரியலாம். எப்போது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நீண்ட நேர்க்குழாயில் அந்த எண் சுமார் 2040-ஐத் தாண்டினால், அடங்குவதைப் பிரிவது முந்திக்கொள்கிறது, கலக்கம் நிலைத்துவிடுகிறது என்று 2011-இல் இயற்பியலாளர் பியோர்ன் ஹோஃப் குழுவினர் காட்டினார்கள்.

சூடேறினால் தண்ணீரின் பாகுநிலை குறையும். 30 பாகைத் தண்ணீர் 2 செ.மீ. குழாயில் வினாடிக்குச் சுமார் 8 செ.மீ. ஓடினாலே அந்த எல்லை வந்துவிடும். சித்திரை வெயிலில் காயும் மாடித் தொட்டியென்றால் இன்னும் சீக்கிரம்.