மஞ்சள் மருந்தா, மாத்திரையா?

கேள்வி: என் மகளுக்கு இப்போது 18 வாரம். குழந்தைக்கு மண்டை ஓடே உருவாகவில்லை என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். மாத்திரையிலேயே கலைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். 1986-ல் எனக்கும் ஐந்தாம் மாதம் கலைக்க வேண்டி வந்தது. ரப்பர் குழாய் வைத்து மஞ்சள் மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் துடித்தேன். அவளுக்கும் அந்தப் பாடு வேண்டாமே, சிசேரியன் மாதிரி ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் என்ன?
(பெயர் வேண்டாம், விருதுநகர்)

பதில்: அந்த மஞ்சள் மருந்தை நானும் ஏற்றியிருக்கிறேன் அம்மா. எத்தாக்ரிடின் லாக்டேட். அடிப்படையில் அது கிருமிநாசினி. கர்ப்பம் எத்தனை வாரமோ, வாரத்துக்கு 10 மில்லி; 150-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பப்பை வாய் வழியாகக் குழாயை விட்டு, பனிக்குடத்துக்கு வெளியே மெதுவாக ஏற்றுவோம். விரிப்பில் இருக்கும் மஞ்சள் கறையைப் பார்த்தாலே எந்தக் கட்டில் என்று தெரிந்துவிடும். வலி எடுக்க ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும்.

ஆனாலும் அதை நாங்கள் நல்ல மருந்து என்றுதான் நினைத்தோம். ஏனென்றால் அதற்கு முன்பு இருந்தது உப்புத் தண்ணீர். 1930-களில் ருமேனியாவின் அபுரெல் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறை. வயிற்றில் ஊசி குத்திப் பனிக்குட நீரை உறிஞ்சிவிட்டு, 20 சதவீத உப்புக் கரைசலை உள்ளே செலுத்துவார்கள். ஊசி முனை கொஞ்சம் நழுவி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் உடம்பில் சோடியம் எகிறும். வலிப்பு வரும், ரத்தம் உறையாமல் ஒழுகும். உயிர்கள் போன பிறகு ஜப்பான் அதைக் கைவிட்டது. இங்கே 1972-ல் கருக்கலைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் புழக்கத்தில் இருந்தது.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். வேண்டாம். ஐந்தாம் மாதத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி சரியாக விரிந்திருக்காது. தடித்த மேல்பகுதியில் கத்தி வைக்க வேண்டிவரும். அந்தத் தழும்பு அடுத்த பிரசவத்தில் பிளந்துகொள்ளும் ஆபத்து சாதாரண சிசேரியன் தழும்பைவிட அதிகம். வேறு வழியே இல்லாதபோதுதான் அது.

மாத்திரை என்றால் அலட்சியமாக நினைக்காதீர்கள். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், இந்தியாவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. ஒன்றிரண்டு நாள் கழித்து அட்மிட் செய்து மிசோப்ரோஸ்டால். அது அல்சருக்கென்று வந்த மாத்திரை, பிரசவ வார்டில் வேலை கிடைத்துவிட்டது! பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். வலி இருக்கும், வலிக்கு ஊசி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். நஞ்சுக்கொடி தங்கிவிட்டாலோ ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ உடனே கை வைக்க ஆள் வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வீட்டில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் வெளிறிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மகளுக்கு முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

வாரங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடும். நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது முடிந்தவள் என்றால் அவள் கையெழுத்து மட்டும்தான் வேண்டும், மாப்பிள்ளையின் கையெழுத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

அப்புறம், அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிக்க வேண்டும். அவளுக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.