வாசகர் கேள்வி: நினைவுச் சின்னங்கள் யாருக்காக?

கேள்வி: மணிமண்டபம், சிலை, நினைவுத் தூண் என எதையாவது எழுப்பிக்கொண்டே இருக்கிறோம். இறந்தவருக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. இருப்பவருக்காவது பயன் உண்டா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: உண்டு, ஆனால் யார், எதற்காக உயிர் கொடுத்தார் என்பதைச் சின்னம் சொல்ல வேண்டும். மாண்ட வீரருக்காக நம் முன்னோர் நட்ட நினைவுக் கற்களான நடுகற்கள் அதைச் சொல்லின. கல்லைத் தேர்ந்தெடுக்கும் 'காட்சி' தொடங்கி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருப்பதிலிருந்தே, ஊரார் கூடிச் செய்த கடமையாக அது இருந்தது என்பது விளங்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த அந்தவன் என்பவனைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் சுருக்கமாகக் குறிக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள கல்லை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பெயர் அதில் ஆண்டைக் குறிப்பதற்காக மட்டுமே வருகிறது. கல் நடப்பட்டதோ, தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டு, 'கோவிவன்' என்ற அதன் பெயரும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாயின் பெயரை இன்று நாம் சொல்ல முடிகிறது என்றால், அந்த ஊரார் நன்றி மறக்கவில்லை என்பதுதான் காரணம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், திறந்துவைத்தவரின் பெயர் பெரிதாகவும், நினைக்கப்படுபவர் செய்தது என்ன என்பது ஒரு வரிகூட இல்லாமலும் நிற்கும் சின்னங்களைப் பற்றிய உங்கள் குறை நியாயமானதே. அவற்றின் உயரத்தைக் கூட்டுவதை விட்டு, நான்கு வரி வரலாற்றைச் சேர்ப்பது நல்லது.

உங்கள் பக்கத்து ஊர்களில் வேடியப்பன் என்று வழிபடப்படும் கற்கள் சில, இத்தகைய நடுகற்களாக இருக்கலாம். எழுத்து இருப்பது தெரிந்தால் அதன்மேல் வண்ணமோ சிமெண்டோ பூசவிடாமல், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.