மகள் படிப்புக்கு வைத்த பணத்தை என் ஆபரேஷனுக்குத் தொடலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. கடலூர் முதுநகரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், மாதம் 9,000 ரூபாய் போல வரும். கணவர் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார், 28,000 வரை கிடைக்கும். மகள் பதினோராம் வகுப்பு. என் உயரம் 160 செ.மீ., எடை 98 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 9.1-இல் நிற்கிறது. மாத்திரை, டயட், நடை எல்லாம் பார்த்தாயிற்று. வயிற்றைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். பேக்கேஜ் 3,80,000 ரூபாய்.

ஐந்து வருடமாக 5 லட்சத்துக்குக் குடும்ப பாலிசி இருக்கிறது. சர்க்கரையைச் சொல்லித்தான் எடுத்தோம். ஜூன் மாதம் புதுப்பிக்க வேண்டும். தெரிந்த ஏஜென்ட், "எடை ஆபரேஷனுக்குக் கம்பெனி தராது, சர்க்கரையைச் சொல்லாமல் புதுசா ஒரு பாலிசி போட்டுடுங்க" என்கிறார். மருத்துவமனையில் வட்டியில்லாத் தவணை தருகிறார்களாம். கையிருப்பு: 22 பவுன் நகை, மகள் படிப்புக்காக 1,50,000 ரூபாய் டெபாசிட், 20 மாதத்தில் 14 மாதம் கட்டிய ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. "வாயைக் கட்டினால் போதும், இதுக்கு நாலு லட்சமா" என்கிறார் மாமியார். மகள் படிப்புக் காசை என் வயிற்றுக்காகத் தொடுவது தப்பா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. ஆனால் அந்த டெபாசிட்டைத் தொட வேண்டிய அவசியமும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

39 வயதில் மூன்று மாதச் சராசரி 9.1 என்பது சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் நல்லதில்லை. இது அழகுக்காகச் செய்துகொள்வது இல்லை, வைத்தியம். "வாயைக் கட்டு" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் வார்த்தைதான். ஏழு வருடம் கட்டிப் பார்த்தவரிடம் அதையே திரும்பச் சொல்வதில் பயனில்லை. மாமியாரை அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கூடவே அழைத்துப் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் உங்கள் சாப்பாடு தனிச் சாப்பாடு, அதற்கு அவர் கை உதவி தேவைப்படும்.

ஆபரேஷன் வேண்டுமா என்பதை நான் சொல்ல முடியாது. இரண்டாவது கருத்து ஒன்று கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. காலையில் கிளம்பினால் ஒரு நாள் வேலை. காத்திருக்க வேண்டிவரும், பரவாயில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

சரி, காப்பீடு. "எடை ஆபரேஷனுக்குக் கம்பெனி தராது" என்று உங்கள் ஏஜென்ட் சொன்னது பழைய காலத்துப் பேச்சு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் விலக்குகளுக்கு, அதாவது பாலிசி பணம் தராத சிகிச்சைகளுக்கு, ஒரே மாதிரியான வாசகத்தைக் கொண்டுவந்தது. அதன்படி, டாக்டர் பரிந்துரையோடு, மருத்துவ நெறிமுறைப்படி செய்யும் எடை குறைப்பு அறுவை சிகிச்சையைச் சில நிபந்தனைகள் நிறைவேறினால் விலக்க முடியாது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை, இதயக் குழாய் நோய், உடல் பருமனால் வந்த இதயத் தசை நோய், தூக்கத்தில் மூச்சு அடைக்கும் கடும் கோளாறு இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். ஆபரேஷன் இல்லாத வழிகளை முயன்று தோற்றிருக்கவும் வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 98-ஐ 1.6-ஆல் இரண்டு முறை வகுத்தால் 38.3 வருகிறது. 40 இல்லை. ஆக, உங்கள் க்ளெய்ம் முழுக்க அந்த 9.1-ஐ நம்பித்தான் நிற்கிறது. டாக்டர்களின் அளவுகோல் இன்னும் தாராளமானது. 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசிய உடல்வாகுக்கு 27.5-இலிருந்தே இந்த ஆபரேஷனை யோசிக்கலாம் என்கிறது. அதனால் "டாக்டர் ஓகே சொல்லிட்டார்" என்பதும் "கம்பெனி ஓகே சொல்லிட்டது" என்பதும் வேறு வேறு. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து கையிலிருந்து கட்டுகிறார்கள்.

இப்போதே ஒரு ஃபைல் போடுங்கள். கடந்த இரண்டு மூன்று வருடத்து மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட்டுகள், மாத்திரை மாற்றிய சீட்டுகள், டயட்டீஷியனைப் பார்த்த ரசீது, எடை எழுதிய பழைய ஓ.பி. சீட்டு எல்லாம் தேதி வாரியாக அதில் இருக்கட்டும். "சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, மற்ற வழிகள் பலன் தரவில்லை" என்று டாக்டர் தன் பரிந்துரைக் கடிதத்தில் அதே வார்த்தைகளில் எழுத வேண்டும். வெறுமனே "உடல் பருமன்" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் பாலிசியில் இந்த ஆபரேஷனுக்குத் தனி உச்சவரம்போ காத்திருப்புக் காலமோ போட்டிருக்கிறதா என்று பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். பிறகு கேஷ்லெஸ் முன் அனுமதிக்கு, அதாவது கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டச் சம்மதம் கேட்டு, அனுப்பச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் அட்மிட் ஆகாதீர்கள். இது நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன். இரண்டு வாரம் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகிவிடாது.

மறுத்தால்? காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது.

சர்க்கரையை மறைத்துப் புது பாலிசி எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய மருந்துச் சீட்டு ஒன்று போதும், பாலிசியையே ரத்து செய்துவிடுவார்கள். கட்டிய பிரீமியமும் போகும். அந்த ஏஜென்டுக்கு அன்றைக்குக் கமிஷன் வந்துவிடும், க்ளெய்ம் நாளில் கவுன்ட்டரில் நிற்கப் போவது நீங்கள். உண்மையைச் சொல்லி எடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஐந்து வருடம் பொறுமையாக, பொய் சொல்லாமல் கட்டிவந்த பாலிசிதான் உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து. அந்த 22 பவுனுக்கு அடுத்த இடத்தில் அதை வைக்காதீர்கள், முன்னால் வையுங்கள்.

அறை விஷயம். 5 லட்சம் பாலிசிகளில் பலவற்றில் அறை வாடகை ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய் என்று வரம்பு இருக்கும். நீங்கள் 7,500 ரூபாய் தனி ஏ.சி. அறை எடுத்தால் வெட்டு அந்த 2,500-ஓடு நிற்காது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில், மூன்றில் ஒரு பங்கு வெட்டுவார்கள். மருந்து, பரிசோதனை, வயிற்றைத் தைக்கும் ஸ்டேப்ளர் போன்ற பொருட்களுக்கு இந்த வெட்டு இல்லை. அறை, டாக்டர், தியேட்டர் மூன்றும் சேர்ந்து 2,10,000 என்றால் 70,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். இரண்டு மூன்று நாள் தங்கலுக்கு அது ரொம்ப அதிகம். ட்வின் ஷேரிங் (இருவர் தங்கும் அறை) போதும்.

தேதியையும் பாருங்கள். குடும்ப பாலிசியில் 5 லட்சம் என்பது உங்கள் மூவருக்கும் சேர்த்து. உங்களுக்கே 3,80,000 போனால் மீதி 1,20,000-தான். பட்டறையில் கணவருக்குக் கையில் அடிபட்டாலும் அதற்குள்தான். புதுப்பித்தல் ஜூனில் என்பதால் மே முதல் வாரத்தில் ஆபரேஷன் வைத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் புது வருடத்துக்கு முழு 5 லட்சம் திரும்பக் கிடைக்கும். மகளுக்கும் லீவு, வீட்டில் கை உதவி இருக்கும். க்ளெய்ம் வாங்கியதற்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குச் சேர்ந்த போனஸ் மட்டும் குறையலாம்.

மருத்துவமனையில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: தையல் போட்ட இடத்தில் கசிவு வந்து மறுபடி தியேட்டருக்குப் போனாலோ, ஐ.சி.யூ.வில் நாள் கூடினாலோ அந்தச் செலவு பேக்கேஜில் சேர்த்தியா? பெரும்பாலும் இல்லை என்பார்கள். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் லட்சங்கள். இதே ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள், ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024-இல் எடை குறைப்பு ஆபரேஷனுக்காகச் சென்னைப் பக்கம் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்த செய்தி நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். யார் விலை குறைவு என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சென்னையில் 40,000 குறைவு என்று யாராவது சொன்னாலும், ராத்திரி வாந்தி நிற்காவிட்டால் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். புதுச்சேரி என்றால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

அப்புறம், ரொக்கம். "பாதி ரொக்கமாகக் கொடுங்க, பில்லில் குறைச்சுக்கலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. பில் இல்லாத பணத்துக்கு க்ளெய்மும் இல்லை.

இனி, ஆபரேஷனுக்குப் பிறகான செலவு. உங்களைப் போலவே கேட்க வருகிறவர்கள் எல்லோரும் 3,80,000-ஐப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குக் கவலை அதற்குப் பிறகு மாதாமாதம் வரும் தொகையைப் பற்றித்தான்.

முத்தியால்பேட்டையில் என்னிடம் கணக்குப் பார்க்க வரும் ஒரு அம்மா இதே ஆபரேஷன் செய்துகொண்டவர். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் பணமே இல்லை. "9.00 - மோர் 30 மி.லி., 9.15 - தண்ணீர் 30, 9.30 - பருப்புத் தண்ணீர் 30" என்று நாள் முழுக்க. இருமல் மருந்து பாட்டிலின் மூடிதான் அவர் அளவு. அடுத்த பக்கங்களில் புரதப் பவுடர், விட்டமின், ரத்தப் பரிசோதனை. முதல் மூன்று மாதம் மாதம் 5,000 ரூபாய் போல, பிறகு 2,800 போல, வருடத்தில் நான்கு முறை பரிசோதனைக்கு தலா 4,500. நான்காம் மாதப் பக்கத்தின் ஓரத்தில் "முடி கொட்டுது" என்று எழுதியிருந்தார். அது நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். அந்தப் பயத்தில் வாங்கிய எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் தனியாக 3,200 ரூபாய் எழுதியிருந்தது. ஆறாம் மாதம் வளையல் தானாகக் கழன்று விழுந்திருக்கிறது.

அவர் கணக்கை உங்களுக்கு வைத்துப் பார்த்தால் முதல் மூன்று மாதம் 15,000, அடுத்த ஒன்பது மாதம் 25,200, பரிசோதனை 18,000. மொத்தம் 58,200. நீங்கள் ஒரு மாதம் மிஷினில் உட்கார முடியாது, 9,000 போகும். பஸ், அது இது என்று சேர்த்தால் 70,000. காப்பீடு ஏற்காத சில்லறைகள், முன்பரிசோதனை இவற்றுக்கு 60,000 வையுங்கள். ஆக, க்ளெய்ம் கிடைத்தால் உங்கள் கையிலிருந்து முதல் வருடம் 1,30,000 வேண்டும்.

முன் அனுமதி வந்ததும் சீட்டை எடுங்கள். கடைசி மாதங்களில் தள்ளுபடி குறைவு, கமிஷன் போக 90,000 பக்கம் வரும். மீதி 40,000 ஒரே நாளில் தேவைப்படாது, வருடம் முழுக்கப் பரவியிருக்கும். ஆறு மாதத்தில் சீட்டு முடிந்ததும் கட்டிக்கொண்டிருந்த 5,000 விடுபடும். அதை வேறு எதற்கும் விடாமல் விட்டமினுக்கும் பரிசோதனைக்கும் திருப்பிவிடுங்கள். பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி இவை ஆயுள் முழுக்க. எடை குறைந்ததும் "இனி எதுக்கு" என்று நிறுத்துகிறவர்களுக்குத்தான் ரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் வருகிறது. சர்க்கரை மாத்திரைச் செலவு குறையலாம், பலருக்குக் குறைகிறது. கணக்கில் மட்டும் அதை வரவாக வைக்காதீர்கள்.

புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்பார்கள். முதல் மாதங்களில் பவுடர் இல்லாமல் முடியாது. பிறகு டயட்டீஷியன் அனுமதித்ததும் துறைமுகத்தில் மத்தி, கானாங்கெளுத்தி வாங்குங்கள். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். டப்பா வாங்கும் காசு மிச்சம். துணிச் செலவு உங்களுக்கு வராது, ஜாக்கெட்டை நீங்களே பிடித்துக்கொள்வீர்கள். முதல் வருடம் புதுசு மட்டும் எடுக்காதீர்கள்.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். அதுதான் உங்கள் ஆபத்துக் கால நிதி. கசிவு, ஐ.சி.யூ. என்று ஏதாவது வந்தால் ஒரே நாளில் அடகு வைத்துப் பணம் புரட்ட முடிவது அதில்தான். முதலிலேயே அடகு வைத்துவிட்டால் அந்த நாளில் கையில் ஒன்றும் இருக்காது. அப்படி வைக்க நேர்ந்தால் வங்கியில் வையுங்கள், அடகுக் கடை வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்பதில் செயலாக்கக் கட்டணம் இருக்கும், ரொக்க விலைக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போகும். முன் அனுமதி வரும்வரை அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் ஊசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள். மவுன்ஜாரோ என்ற அந்த ஊசி 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது ஆரம்ப அளவுக்கே மாதம் 14,000 ரூபாய். நிறுத்தினால் எடை திரும்புவது வழக்கம். வெளிநோயாளி மருந்துக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. 37,000 ரூபாய் வருமானத்தில் அது நீடிக்காது. டாக்டர் சர்க்கரைக்காக அதைத்தான் சொன்னால் மொத்தக் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

முன் அனுமதிக் கடிதம் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். எந்தெந்தத் தொகையை வெட்டியிருக்கிறார்கள் என்று வரிவரியாகச் சேர்ந்து பார்த்துவிடுவோம், அதற்கு அப்புறம் சீட்டு ஏலத்துக்குப் போங்கள்.